ஒரு கடலைமிட்டாய் போர்டும் மூன்று ட-வும்

அண்ணாச்சி போன் செய்தபோது, அடுத்த வருடக் காலண்டரில் அமாவாசை எல்லாம் சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் புது காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். அதற்கு முந்தைய மூன்று வாரம், அச்சுக்குப் போகும் முன் கோப்புகளைத் தயார்செய்கிற ப்ரீபிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களிடம் யாரும் உதவி என்று வந்து நிற்கக் கூடாது. அண்ணாச்சிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்.

“தாயி, பைபாஸ்ல புதுக் கடை போடுதேன். போர்டு ஒண்ணு வேணும். அந்தக் காலத்து எழுத்துல.”

“அந்தக் காலம்னா எந்தக் காலம் அண்ணாச்சி?”

“உங்க பெரியப்பா காலம்.”

அண்ணாச்சி குடும்பத்துக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்தான் தொழில். 2020-ல் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம் மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற கார்கள் நிறுத்தி வாங்கிப்போவது கூடிவிட்டது என்பது அவருடைய கணக்கு. அவர் கடையின் பழைய தகரப் போர்டை எழுதியவர் என் பெரியப்பா. அந்தப் போர்டு துருப்பிடித்து, எடைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. போட்டோகூட இல்லை.

நான் பெரியப்பாவிடம் எழுத்து கற்றுக்கொண்டவள் இல்லை. பெயின்ட் டப்பா தூக்கியவள். லீவு நாளில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போவேன். சுண்ணாம்புப் பொடி தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், மறுமுனை அவர் கையில். நடுவில் இழுத்து விட்டால் சுவரில் டப்பென்று ஒரு கோடு விழும். மேல் கோடு, கீழ் கோடு, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஸ்கேல் வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. 1966-ல் பிரஷ் பிடித்தவர், 2003 வாக்கில் நிறுத்தினார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு சதுர அடிக்குச் சில ரூபாயில், காலையில் சொன்னால் சாயங்காலம் பேனர் தொங்கியது. தன்னோடு யார் போட்டி போட முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இயந்திரத்தோடு போட்டி போட விரும்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சியின் பேரன் போனில் ஒரு ஆங்கில எழுத்துருவைக் காட்டியிருக்கிறான். தடித்த எழுத்து, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பூவேலை, சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி. “இதே மாதிரி தமிழ்ல” என்றார் அண்ணாச்சி. பார்த்ததும் தெரிந்துகொண்டேன், அது ரோஸ்வுட். அடோபி கம்பெனி 1994-ல் வெளியிட்டது. எனக்கும் அது பிடிக்கும். பழைய பாணி என்றால் அதைப்போல ஒன்றைத் தமிழில் செய்துவிடலாம், இரண்டு ராத்திரி வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நாலு மாதம் பிடித்தது.

ரோஸ்வுட் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் நான் எங்கே விழுந்தேன் என்று புரியும். இப்படிப்பட்ட பெரிய, தடித்த, அலங்கார எழுத்துகள் பிறந்த ஊர் லண்டன். 1800-களின் தொடக்கம் வரை அச்செழுத்து என்றால் பெரும்பாலும் புத்தக எழுத்துதான். லாட்டரி, நாடகம் என்று சுவரில் ஒட்டும் நோட்டீஸ்கள் பெருகியபோது, பக்கத்து நோட்டீசைவிட உரக்கக் கத்துகிற எழுத்து தேவைப்பட்டது. ராபர்ட் தார்ன் என்ற எழுத்து வார்ப்பாளர், தடித்த கோட்டை மேலும் மேலும் தடிக்க வைத்து மெல்லிய கோட்டை முடிபோல விட்டார். 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் எழுத்தின் காலுக்கடியில் செங்கல் வைத்ததுபோலக் கட்டைப் பாதம் போட்டார். அடுத்த வருடமோ என்னவோ, எழுத்து வார்க்கிற கேஸ்லன் குடும்பத்தில் ஒருவர் பாதமே இல்லாத எழுத்தைத் தன் மாதிரிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி காட்டினார். ஒரு இருபது வருடத்துக்குள் சந்தைக்கூச்சலின் எல்லாக் குரலும் வந்துவிட்டது.

ஆனால் பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத கனம், விலையும் அதிகம், ஆறும்போது முகம் சமமாக நிற்காது. அதனால் மரத்துக்குப் போனார்கள். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827-ல் சுழலும் வெட்டுக்கருவி ஒன்றை வைத்து மர எழுத்தை வேகமாகக் குடையத் தொடங்கினார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பேன்டோகிராப்பைச் சேர்த்தார். ஒரு மாதிரியின் ஓரத்தில் கம்பியை ஓட்டினால் மறுமுனையில் கத்தி அதே எழுத்தை வேண்டிய அளவில் வெட்டும். மேப்பிள் மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரிகிற முகத்தில்தான் வெட்டுவார்கள், அப்போதுதான் ஓரம் பிசிறாது. கனெக்டிகட்டில் வில்லியம் பேஜ் என்பவருடைய கம்பெனி 1874-ல் வெளியிட்ட மாதிரிப் புத்தகம் இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளக்க வைக்கும். ஒரே எழுத்துக்கு இரண்டு மரக்கட்டை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தால் பூவேலை தனி நிறத்தில் எழும். ரோஸ்வுட்டின் மூலம் அந்தப் பேஜ் கம்பெனியின் எழுத்துதான். அதனால்தான் ரோஸ்வுட்டை வாங்கினால் பூவேலைக்கு ஒரு கோப்பும், அடியில் நிரப்புவதற்கு இன்னொரு கோப்புமாக வருகிறது. சின்ன எழுத்து அதில் கிடையாது, எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்து. இதை நினைவில் வையுங்கள்.

நான் செய்த முதல் காரியம், ட-வை எடுத்து அதன் இடுப்பில் இரண்டு பக்கமும் முள் வைத்தது. இந்தப் பாணி எழுத்துகளில் தண்டின் நடுவே சின்னச் சின்ன முள்போல நீட்டிக்கொண்டிருக்கும், அழகாக இருக்கும். ட-வில் வைத்ததும் சீமைக்கருவேலங்குச்சி மாதிரி ஆகிவிட்டது. விடவில்லை. க-வுக்கு வைத்தேன், ம-வுக்கு வைத்தேன், வயிற்றுக்குள் பூ வரைந்தேன். ஏழு எழுத்தையும் அச்செடுத்து அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். பேரன்தான் வாயைத் திறந்தான்.

“அக்கா, பேய்ப் படத்துக்கா?”

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் நட்டுவைத்த கம்பங்கள். I ஒரு கம்பம், H இரண்டு கம்பம், E ஒரு கம்பமும் மூன்று கையும். கம்பத்துக்கு அடியும் நுனியும் இடுப்பும் உண்டு, அங்கங்கே நகை போடலாம். தமிழ் எழுத்துக்கு நுனி எங்கே இருக்கிறது? ல-வை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குகிற இடமே சுழிக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய கோடு எங்கேயும் நிற்காமல் வளைந்து வளைந்து போய் முடிகிறது. ஓலையில் எழுத்தாணி ஓடிய பழக்கம் அது. எழுத்தாணிக்குத் தடித்த கோடு, மெல்லிய கோடு என்று பேதம் கிடையாது, கீறல் எல்லாம் ஒரே கனம். பட்டை நிப்பால் எழுதிப் பழகிய ஆங்கில எழுத்துக்கு எங்கே தடிக்க வேண்டும் என்று நிப்பே சொல்லிக்கொடுத்துவிட்டது. நமக்கு அதை யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். பெரியப்பா முடிவுசெய்திருந்தார். அந்த முடிவு எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

தடித்த தமிழ் எழுத்துருவே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழு செய்த பலூ தம்பி இலவசமாகவே கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. நானே கல்யாணப் பேனருக்குப் பலமுறை போட்டிருக்கிறேன். ஆனால் அது காற்றடித்த பலூன் மாதிரி, குழந்தைக்கன்னம். அண்ணாச்சி கேட்டது மீசை வைத்த எழுத்து.

தமிழ் அச்சுக்கு வயது குறைவில்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தில் தொடங்கி தரங்கம்பாடி, சென்னை என்று புத்தக எழுத்தின் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். போர்டு எழுத்தின் கதை தகரத்தில் எழுதப்பட்டது. துருவோடு போயிற்று. டெல்லியில் ஹனிஃப் குரேஷி என்ற கலைஞர் இதை யோசித்திருக்கிறார். தெருவில் போர்டு எழுதும் பெயின்டர்களை எழுதச்சொல்லி வாங்கி, அவற்றை எழுத்துருவாக்கி, பெயின்டரின் பெயரையே எழுத்துருவுக்கும் வைத்தார். ‘பெயின்டர் கஃபீல்’ என்ற எழுத்துருவை நான் முதலில் பார்த்தபோது எழுத்தைவிட அந்தப் பெயர்தான் மனதில் நின்றது. 2024-ல் குரேஷி இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே என் கோப்புக்கு ‘பெரியப்பா’ என்று பெயர் மாற்றினேன். அதற்கு முன்னால் அதன் பெயர் ‘வின்டேஜ்_புதுசு_3’.

பெரியப்பாவின் எழுத்தைத் தேடி ஊரைச் சுற்றினேன். கடைசியில் கிடைத்தது மூடிக்கிடக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரியின் பின்சுவரில். நீலத்தில் எழுதி மஞ்சளில் ஓரம் கட்டியிருந்தார். ‘பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு கிடைக்கும்.’ கடலை! நான் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்ததைப் பக்கத்து வாட்ச்மேன் ஒருமாதிரியாகப் பார்த்தார். புண்ணாக்கில் காரை பெயர்ந்து ‘பு’வும் ‘க்கு’வும் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் வெளுத்திருந்தாலும் ஓரம் தெரிந்தது. டிரேசிங் ஷீட்டை ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நின்று எல்லாவற்றையும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தபோதுதான் அவருடைய கணக்கு பிடிபட்டது. எழுத்து முழுவதையும் அவர் தடிக்க வைக்கவில்லை. நிற்கிற கோடு மட்டும் தடி. அதிலும் எழுத்தின் வெளிப்பக்கம் இருக்கிற கோடுதான் முழுத்தடி. சுழிக்குள்ளே நுழைந்ததும் பிரஷ் பாதியாக மெலிகிறது. படுக்கைக் கோடு அதைவிட மெலிவு. தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து மொத்தமும் கனமாகத் தெரியும், கிட்டே போனால் உள்ளே காற்றோட்டமாக இருக்கும். நான் கம்ப்யூட்டரில் செய்தது இதற்கு நேர் எதிர். கோட்டின் கனத்தைக் கூட்டும் பொத்தானை அமுக்கினேன், உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி தடித்தது, ல-வின் சுழி அடைத்துப்போய்ப் பொத்தான் மாதிரி ஆனது. ல-வுக்கே இந்தக் கதி என்றால் ண-வை நினைத்துப் பாருங்கள். ஒரு சுழி, அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு. தடித்த எழுத்து செய்கிறவர்களின் பரம எதிரி அதுதான். நல்லவேளையாகக் கடலைமிட்டாயில் ண இல்லை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

இருந்ததெல்லாம் ட. க, ட, லை, மி, ட், டா, ய். ஏழு எழுத்தில் மூன்று ட. ண-வில் இடமே இல்லை என்பது தொல்லை, ட-வில் இடத்தைத் தவிர ஒன்றுமே இல்லை என்பது தொல்லை. நிற்க ஒரு கோடு, படுக்க ஒரு கோடு, மேலே வலதுபக்கம் பூராவும் வெட்டவெளி. க-வும் மி-யும் நெருக்கி உட்கார்ந்திருக்கிற வரியில் ட வரும் இடமெல்லாம் பல் விழுந்த மாதிரி தெரியும். சுவரில் பெரியப்பா என்ன செய்திருந்தார் என்றால், ட-வின் காலைக் குட்டையாக்கி, அது திரும்புகிற முட்டியில் கனத்தைப் போட்டிருந்தார். ‘கொட்டை’யில் வருகிற ட்-க்குப் புள்ளியை மேலே வைக்கவில்லை. கீழே இறக்கி, அந்த வெட்டவெளிக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார். புள்ளியின் அகலமும் நிற்கிற கோட்டின் அகலமும் ஒன்று, ஷீட்டில் அளந்து பார்த்தேன். ஒரே கல்லில் ஓட்டையும் அடைத்தார், மேலே உயரத்தையும் மிச்சம் பிடித்தார்.

உயரம் போர்டில் பெரிய விஷயம். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குலம் எழுத்து என்று போர்டு போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி கடைக்கும் வண்டிகள் போகிற பாதைக்கும் நடுவில் சர்வீஸ் ரோடு, வேப்பமரம், சாக்கடை எல்லாம் சேர்த்து 120 அடி. ஆக, எழுத்து 12 அங்குலம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 12 என்றால் 12-தான், பெட்டிக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு அந்த 12 என்பது வெறும் உடம்பு. மேலே இகர விசிறி, புள்ளி, கீழே உகரக் கொக்கி எல்லாம் தனி. கடலைமிட்டாயில் கீழே இறங்குகிற எழுத்து ஒன்றுகூட இல்லை என்பது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இரண்டரை அடி உயரப் போர்டில் மேலே நிறைய இடம் விட்டு, எழுத்தைத் தாழ உட்கார வைத்து, அடியில் ஒரு சின்னப் பட்டையில் ‘கோவில்பட்டி’ என்று போட்டேன்.

மேலே ஏன் இடம் என்றால், லை. சுவரில் இருந்தது பழைய லை. கொம்பு முன்னால் தனியாக நிற்காது, எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை போல மேலே தூக்கிச் சுழித்திருக்கும். ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருந்தன. பெரியார் 1935-லேயே குடி அரசில் புது வடிவத்தைப் போட ஆரம்பித்துவிட்டார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் அரசாணை வந்து, இந்த நான்கோடு ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள் என மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது புதியது. ஆனால் வீட்டில் பெரியப்பா 90-கள் வரை இரண்டும் எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்க வேலை என்றால் புது லை, கடை போர்டு என்றால் துதிக்கை லை. கேட்டால், “கடைக்காரனுக்கு யானை வாசல்ல நிக்கணும்ல” என்பார்.

கணினிக்கு இரண்டும் ஒரே எழுத்துதான். ல, அப்புறம் ஐகாரக் குறி, அவ்வளவுதான் கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடுக்குத் தெரியும். எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவுக்குள் நாம் எழுதி வைக்கிற விதி. நான் பழைய 13-ஐயும் தனியாக வரைந்து, வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்கிற மாதிரி வைக்கலாம் என்று திட்டம் போட்டேன். இப்போதைக்கு லை ஒன்றுதான் முடிந்திருக்கிறது. ஒட்டுமொத்தமாக எழுத்துரு என்று சொல்லிக்கொள்ள உயிர், ஆய்தம், மெய், இகர ஈகாரம், உகர ஊகாரம், குறிகள், கிரந்தம் எல்லாம் சேர்த்து 125-க்குக் குறையாமல் உருவம் வேண்டும். ரோஸ்வுட்டுக்கு 26 பெரிய எழுத்தும் பத்து எண்ணும் கொஞ்சம் குறிகளும் போதும். பொறாமையாக இருக்கிறது.

துதிக்கை லை போட்ட மாதிரியை அண்ணாச்சி பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. விரலால் அந்தச் சுழியைக் காற்றில் எழுதிப் பார்த்தார். பேரன் எட்டிப் பார்த்தான்.

“தாத்தா, நடுவுல என்ன எழுத்து? ஏதோ பாம்பு மாதிரி.”

எனக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். 1978-க்குப் பிறகு பள்ளிக்குப் போன டிரைவருக்கு அது கட… மிட்டாய். புது லை-யே போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அண்ணாச்சி யோசித்தார்.

“கட-ன்னு தொடங்கி மிட்டாய்னு முடிஞ்சா நடுவுல வேற என்னல இருக்கும்? உருளைக்கிழங்கா?” என்று பேரனைக் கேட்டார். பையன் சிரித்தான். பாக்கெட்டில் புது லை, போர்டில் யானை என்று முடிவானது. எழுத்துரு செய்கிறவர்கள் வாசிப்புத்திறனைப் பற்றி எழுதியிருக்கிற பக்கங்களை எல்லாம் ராத்திரி ராத்திரியாகப் படித்தவள் நான். அண்ணாச்சியின் உருளைக்கிழங்குக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்த சொல்லை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை.

அடுத்தது போர்டை எதில் செய்வது. அலுமினியத் தகட்டில் எழுத்தை வெட்டி உள்ளே எல்.இ.டி. போடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அண்ணாச்சி ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். நான்தான் பிடிவாதமாகப் பெரியப்பாவின் தொழில் கூட்டாளியைத் தேடிப் போனேன். எழுபது தாண்டியவர், மாமா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவேன். கை நடுங்குமோ என்று நினைத்தேன். டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிறது, பிரஷ்ஷைப் பிடித்தால் நிற்கிறது.

எழுத்தை உண்மை அளவில் பேப்பரில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஓரம் நெடுக ஊசியால் குத்தி, தகரத்தின் மேல் வைத்து, கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும். முதல் கோட் வெள்ளை எனாமல் காய்ந்திருந்தது. மாமா தட்டினார், பேப்பரை எடுத்தார், நான்கடி பின்னால் போய் நின்றார். அப்புறம் ஈரத்துணியை எடுத்து நான் நாலு மாதம் உட்கார்ந்து செய்த மூன்று ட-வில் இரண்டை அழித்தார்.

“இது மூணும் ஒரே அச்சா இருக்கே. எதுக்கு?”

எதுக்கு என்றால், எழுத்துரு என்றாலே அப்படித்தானே? ஒரு ட வரைந்தால் எல்லா இடத்திலும் அந்த ட. நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் சாக்பீஸால் வேறுவிதமாகத்தான் எழுதினார். லை-க்கு முன்னால் வரும் ட-வின் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, துதிக்கை அதன் தலைக்குமேல் நீட்டிக்கொள்ள இடம் விட்டார். ட் குட்டைக்கால், புள்ளி வயிற்றுக்குள். டா-வில் காலை நீட்டி, துணைக்காலுக்குக் கீழே லேசாகத் தொட வைத்தார். பல் விழுந்த வரி எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று ட, மூன்று அளவு. சாலையிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று.

ஷேடு வைக்கும்போது இன்னொரு பாடம். பெரியப்பா எப்போதும் இடதுபக்கம் கீழேதான் ஷேடு வைப்பார் என்பது என் ஞாபகம், ஜின்னிங் பேக்டரிச் சுவரிலும் அப்படித்தான் இருந்தது. கோப்பிலும் அப்படியே வரைந்திருந்தேன். மாமா வலதுபக்கம் வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“ட இருக்குல்ல. இடது பக்கம் வச்சா நெழலு வெளிய விழும், ஓட்டை ஓட்டையாவே இருக்கும். வலது பக்கம் வச்சா நெழலு ஓட்டைக்குள்ள விழும். கருப்பு நெறைஞ்சிரும்.”

“அப்ப பெரியப்பா ஏன் இடது பக்கம் வச்சார்?”

“அங்க என்ன எழுத்து?”

பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு. ண்ணா. வலதில் ஷேடு வைத்திருந்தால் அந்தக் குறுகின சந்துக்குள் எல்லாம் நிழல் விழுந்து எழுத்தே இருட்டாகியிருக்கும். எந்தப் பக்கம் வெயில் என்பதைச் சொல்லைப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அதை நான் அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ட-வை மூன்றாகப் பிரித்தேன். பக்கத்தில் எந்த எழுத்து வருகிறதோ அதைப் பார்த்து எழுத்துருவே தகுந்த ட-வைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி விதி எழுத முடியும், எழுதினேன். லை-க்கு முன்னால் ஒன்று, புள்ளியோடு ஒன்று, துணைக்காலோடு ஒன்று. மாமாவின் ட-வைப் போனில் படமெடுத்து அதன்மேல்தான் வரைந்தேன், என்னுடைய பழைய ட-வை நீக்கிவிட்டேன். ஷேடைத் தனிக் கோப்பாக்கினேன், பேஜ் கம்பெனி இரண்டு மரக்கட்டை வைத்ததுபோல. எழுத்து ஒரு கோப்பு, இடது ஷேடு ஒரு கோப்பு, வலது ஷேடு ஒரு கோப்பு. எந்தச் சொல்லுக்கு எது என்று பார்த்துப் போட வேண்டியது போடுகிறவர் பாடு. முள்ளும் பூவும் ஒரு இடத்திலும் இல்லை. ரோஸ்வுட்டிலிருந்து நான் கடைசியில் எடுத்துக்கொண்டது அந்த இரண்டு கட்டைகளை மட்டும்தான்.

போர்டு ஏறி இப்போது இரண்டு மாதம். அடர்சிவப்பு எழுத்து, கருப்பு ஷேடு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. லை-யின் துதிக்கை ட-வின் தலைக்குமேல் நிழல் போட்டுக்கொண்டிருக்கிறது. சாலையின் மறுபக்கம் நின்று நானும் பார்த்தேன், படிக்க முடிகிறது. ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது. போர்டைப் படித்துத்தான் நிறுத்தினார்களா, பாத்ரூம் தேடி நிறுத்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

125-ல் இதுவரை 41 முடிந்திருக்கிறது. வசதியான எழுத்துகளை எல்லாம் முதலில் முடித்துக்கொண்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று அண்ணாச்சி மறுபடியும் போன். வியாபாரம் பரவாயில்லையாம். பக்கத்தில் இன்னொரு சரக்கும் போடுகிறாராம். போர்டில் கடலைமிட்டாய்க்கு அடுத்து மூணடி இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒரு சொல் சேர்த்துவிடலாம் என்றார்.

“என்ன சொல் அண்ணாச்சி?”

“எள்ளுருண்டை.”

ளு-வும் ரு-வும் கீழே இறங்கும், அங்கே நான் கோவில்பட்டியை வைத்து அடைத்துவிட்டேன். ண் இருக்கிறது. சுவரில் காரை பெயர்ந்துபோன அதே ண். மாமாவிடம் சொன்னேன். அவர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை, ண எழுதிக் காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வா என்றார். அவருடைய கவலை வேறு.

“கடலைமிட்டாய்க்கு ஷேடு வலது பக்கம் வச்சாச்சு. எள்ளுருண்டைக்கு இடது பக்கம் வைக்கணும். ஒரே போர்டுல வெயிலு ரெண்டு பக்கமா அடிக்கும்?”